இதுவரை சான்று இல்லை

ஜனவரி 12

அன்பு வாலுவுக்கு,

நலம் என்று தொடங்குவது வழக்கம். முக்கால் நலம் என்று வைத்துக்கொள்.

இந்தக் கடிதம் ஆசையால் அல்ல, உத்தரவால். கைப்பயிற்சி தரும் அம்மணி, "எழுத்து சின்னதாகிக்கிட்டே போகுது சார், தினம் ஒரு பக்கம் பெரிசா எழுதுங்க" என்றார். "யாருக்கு எழுத?" என்றேன். "வாசிக்கிறவங்க யாராவது இருப்பாங்கல்ல?" என்றார். யோசித்துப் பார்த்ததில் நீ ஒருத்திதான் மிஞ்சினாய். உன் அம்மாவுக்கு எழுதினால் பக்கத்து அறையிலிருந்து, "அதை வாயால சொன்னா என்ன?" என்பாள்.

வாயால் சொல்வதும் இப்போது சுலபமில்லை. போனில் என் குரல் தேய்ந்துபோகிறது. "என்னதுப்பா? என்னது?" என்று நீ கேட்டுக் கேட்டு, கடைசியில் நான் "ஒண்ணுமில்ல" என்று வைத்துவிடுகிறேன். ஒன்றுமில்லாததற்கா கூப்பிட்டேன்? ஆகவே கடிதம். நீயும் கையால் எழுது. டைப் அடித்து அனுப்பினால் அலுவலக சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது.

அம்மா பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். பிப்ரவரியில் அவள் அங்கே வருகிறாள். ஏப்ரலில், உன் வயிற்றுப் பட்டாணி வெளியே வரும் சமயம், நான். டிக்கெட் எடுத்தாயிற்று. முதலில் யார் தூக்குவது என்று இப்போதே தகராறு. "பெத்தவளோட அம்மாதான் முதல்ல" என்கிறாள். இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இடது கை ஆடுகிறது. நேற்று பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர், நான் அவரைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, "என்ன சார்?" என்றார். வேறு வழியில்லாமல் மணி என்ன என்று கேட்டேன். என் கையிலேயே கடிகாரம்.

ஒரு விஷயம். நீ அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து இத்தனை வருடத்தில் உன் வேலை என்னவென்று விவரமாகக் கேட்டதில்லை. மூளை சம்பந்தப்பட்டது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். பார்த்தால் என் மூளை சம்பந்தப்பட்டதாக ஆகிவிட்டது. போன வருடம் டாக்டர் பார்க்கின்சன் என்று சொன்னபோது, "அட, என் பொண்ணோட டிபார்ட்மென்ட்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எழுது. எனக்குள் என்ன நடக்கிறது? முப்பது வருடம் லிஃப்ட் பரிசோதித்தவனுக்குப் புரிகிற மாதிரி.

அப்பா

&nbsp;

ஜனவரி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் முதல் வரி யானை, கடைசி வரி எறும்பு. அம்மணி சொல்வது சரிதான். ஆனால் எறும்பையும் வாசித்துவிட்டேன்.

இங்கே மழை. கால் வீங்கியிருக்கிறது. பட்டாணி உள்ளேயிருந்து உதைக்கிறது. உங்கள் மாப்பிள்ளை வயிற்றில் காதை வைத்து, "உங்க அப்பா மாதிரியே கதவைத் தட்டுது" என்கிறார்.

கேட்டீர்கள், எழுதுகிறேன்.

நரம்புச் செல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. பெயர் ஆல்ஃபா சைனியூக்ளின். எல்லோருக்கும் உண்டு, எனக்கும், பட்டாணிக்கும். தளர்ந்த நூல் மாதிரி, தனக்கென்று ஓர் உருவம் இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும். எப்போதோ ஒன்று தப்பாக மடிந்துவிடுகிறது. ஏன் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. மடிந்தது சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் நல்லதைத் தொட்டு, அதையும் தன்னைப் போலவே மடிக்கிறது. அது அடுத்ததை. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இழையாகிறது. இழைகள் சேர்ந்து கட்டியாகின்றன. செல் திணறுகிறது. பிறகு அந்த இழையின் துணுக்கு வெளியே கசிகிறது. பக்கத்துச் செல் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அங்கே மறுபடியும் முதலிலிருந்து.

இப்படித்தான் அது மூளைக்குள் இடம் மாறுகிறது, நரம்பின் பாதையிலேயே. பலருக்கு மூக்கின் பக்கமோ குடலிலோ தொடங்கி மேலே ஏறுகிறது என்று ஒரு கருத்து இருக்கிறது. கை ஆடுவதற்குப் பல வருடம் முன்பே வாசனை போய்விடுவது அதனாலாக இருக்கலாம். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அடுப்பில் பால் கருகிக்கொண்டிருந்தது. நீங்கள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா மாடியிலிருந்து ஓடிவந்தாள். அப்போதே அது உங்களுக்குள் இருந்திருக்க வேண்டும்.

என் வேலை: கெட்ட இழையைக் குழாயில் வளர்ப்பது. ஒலி அலையால் உடைத்துத் துணுக்காக்குவது. விதை என்று சொல்வோம். நல்ல செல்கள் இருக்கும் தட்டில் அந்த விதையை விட்டு, அது எந்தக் கதவு வழியாக நுழைகிறது என்று பார்ப்பது. கதவை அடைக்க முடியுமா? அதுதான் எங்கள் கேள்வி. என் மூன்று வருடமும் இந்த ஒரு கேள்விதான்.

நீங்கள் நேரில் பார்த்தால் சிரிப்பீர்கள். இரண்டு ஜோடி கையுறை, முகமூடி, கண்ணுக்குக் கவசம். கண்ணாடிப் பெட்டிக்குள் கையை மட்டும் விட்டுக்கொண்டு. ஆனால் இப்போது அதுவும் இல்லை. நான் கர்ப்பம் என்று சொன்ன அன்றே பேராசிரியர், "குழந்தை பிறக்கிற வரைக்கும் அந்த ரூம் பக்கமே வராத, புரியுதா?" என்று அனுப்பிவிட்டார். கணினி முன்னால் உட்கார்ந்து படம் பார்க்கிறேன். செல்களின் படம்தான்.

ஏப்ரலுக்குக் காத்திருக்கிறேன். தகராறில் நான் உங்கள் கட்சி. அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

வாலு

&nbsp;

பிப்ரவரி 8

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். நன்றாகப் புரிந்தது.

அம்மாவை நேற்று ரயில் ஏற்றிவிட்டேன். "உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றாள். "இருக்கிறதே இதான்" என்றேன். வந்து சேர்ந்திருப்பாள். பார்த்துக்கொள்.

சில சந்தேகங்கள். அந்த விதை வெந்நீரில் அழியுமா? மேசையில் சிந்தினால் எதைக் கொண்டு துடைப்பீர்கள்? மூளைக்குள் மட்டும்தான் இருக்குமா, உடம்பில் வேறு இடங்களிலும் உண்டா? அவசரமில்லை. ஆனால் விவரமாக எழுது.

அப்பா

&nbsp;

பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

என் மாணவர்கள்கூட இவ்வளவு நல்ல கேள்வி கேட்பதில்லை! பேராசிரியரிடம் காட்டினேன். "உங்க அப்பாவை இங்க வேலைக்குச் சேர்த்துக்கலாமா?" என்றார்.

வெந்நீர் போதாது. ரொம்பப் பிடிவாதமான பொருள். கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. கிருமிக்குப் பயன்படும் ஸ்பிரிட்டும் வேலைக்கு ஆகாது. சோப்பு வகையில் ஒரு கரைசல் வைத்திருக்கிறோம், அதைக் கொண்டுதான் மேசையைத் துடைப்போம். மூளையில் மட்டும் இல்லை. குடலில், தோலில், எச்சிலில்கூட அதன் அடையாளத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது நல்ல செய்திதான்: கை ஆடும் முன்பே நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை ஒருநாள் வரலாம்.

அம்மா வந்ததிலிருந்து என் சமையலறையில் எதுவும் அதன் இடத்தில் இல்லை. கரண்டியைத் தேட ஒரு ஆராய்ச்சி தேவைப்படுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். உறையை ஏன் இத்தனை செல்லோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறீர்கள்? எப்போதும் நாக்கால் நனைத்துத்தானே ஒட்டுவீர்கள். பிரிப்பதற்குள் கடிதமே கிழிந்துவிட்டது.

வாலு

&nbsp;

மார்ச் 16

அன்பு மகளுக்கு,

ஏப்ரலில் என்னால் வர முடியாது போலிருக்கிறது. முழங்கால் சரியில்லை. பயணம் நீளம். இங்கே கட்டடத்து லிஃப்டும் மக்கர் செய்கிறது, மூன்றாம் மாடிக்காரர் என்னைத்தான் நம்பியிருக்கிறார். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

தொட்டில் கடையிலிருந்தே நேராக உன் வீட்டுக்கு வரும். அனுப்பச் சொன்னது மட்டும்தான் நான். நான் கையால் தொடவில்லை. ஆனாலும் பிரித்ததும் ஒருமுறை துடைத்துவிடு.

அம்மா அங்கேயே இருக்கட்டும். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் சமாளித்துக்கொள்வேன். ரொட்டி, சூப் எல்லாம் வைக்கத் தெரிந்துகொண்டேன். சூப் அடிப்பிடித்ததா என்பது மட்டும் சாப்பிட்டால்தான் தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

&nbsp;

ஏப்ரல் 7

அப்பா,

பெண். நல்லபடியாகப் பிறந்தாள். போனில் சொன்னேன், நீங்கள் ஏதோ சொன்னீர்கள், எனக்குக் கேட்கவில்லை. அழுதீர்களா, வாழ்த்தினீர்களா, தெரியவில்லை. அம்மாதான் முதலில் தூக்கினாள். போட்டிக்கு ஆள் வராததால் ஜெயித்ததில் அவளுக்கு ருசியே இல்லை. "இதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

உங்களுக்கு முழங்காலில் ஒன்றுமில்லை என்று அம்மா சொல்கிறாள். "லிஃப்ட் நின்னா அஞ்சு மாடி ஏறி இறங்குற மனுஷன், முழங்காலாம்" என்றாள்.

எனக்குத் தோன்றுவதை எழுதிவிடுகிறேன். கை ஆடுவதை என் வீட்டு மனிதர்கள் பார்க்கக்கூடாது என்று நினைக்கிறீர்கள். மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள், காப்பி சிந்தும், பரிதாபப்படுவார்கள் என்று. அப்படியென்றால் நான் உங்களைப் பற்றித் தப்பாக நினைத்திருக்கிறேன். ஊரார் முன்னால் லிஃப்ட் குழிக்குள் எண்ணெய்க் கறையோடு இறங்கி ஏறியவர் நீங்கள். வெட்கம் என்ற ஒன்று உங்களுக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது.

தொட்டில் வந்தது. அழகாக இருக்கிறது. துடைக்கவில்லை.

நீங்கள் வந்து தூக்கும்வரை உங்களிடம் பேசப்போவதில்லை என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை.

வாலு

&nbsp;

ஏப்ரல் 14

அன்பு வாலுவுக்கு,

வெட்கம் இல்லை. வெட்கமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

முப்பது வருடம் அறிக்கை எழுதியவன். அப்படியே எழுதுகிறேன், எனக்கு அதுதான் வரும்.

பரிசோதிக்கப்பட்டது: நான். கண்டது: எனக்குள் ஒரு பொருள் இருக்கிறது. தொட்டதைத் தன்னைப் போல ஆக்குகிறது. ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. வெந்நீரில் சாகாது, ஸ்பிரிட்டில் சாகாது. எச்சிலில் இருக்கிறது, தோலில் இருக்கிறது. அதைத் தொடும் படித்தவர்கள் இரண்டு கையுறை போடுகிறார்கள். வயிற்றில் குழந்தை இருப்பவளை அந்த அறைக்குள்ளேயே விடுவதில்லை. இத்தனையும் நீ எழுதியது. நான் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

சந்தேகம் இருந்தால் பூட்டு. இதுதான் என் தொழிலில் நான் மீறாத ஒரே விதி. லிஃப்ட் பெட்டி நன்றாக ஓடுகிறது, சத்தமில்லை, எல்லோரும் அவசரத்தில் நிற்கிறார்கள், இருந்தாலும் கயிற்றில் ஓர் இழை பிரிந்திருந்தால் மின்சாரத்தை நிறுத்திப் பலகையை மாட்டிவிடுவேன். பழுது, ஏறாதீர்கள். திட்டுவார்கள். ஒரு பெரியவர் குடையால் குத்தவே வந்தார். பழுது தீரும்வரை மாட்டிய பலகையைக் கழற்றினதில்லை.

இப்போது எனக்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன். தனித் தட்டு, தனி டம்ளர். மூன்றாம் மாடிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். "தாத்தாவுக்கு என்ன கோவம்?" என்று கேட்கிறார்களாம். இங்கே டாக்டரிடம் ஒட்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சிரிப்பை நான் எந்த அறிக்கையில் எழுதுவேன்?

அம்மாவிடம் சொல்லாதே. இத்தனை வருடம் என் பக்கத்தில் இருந்தவள். அவளை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை. ஒரு நல்ல டாக்டரிடம் அவளைக் காட்டு. காரணம் ஏதாவது சொல்லிக்கொள்.

பட்டாணியின் படம் பார்த்தேன். மூக்கு உன்னுடையது.

அப்பா

&nbsp;

ஏப்ரல் 20

அப்பா அப்பா அப்பா,

சமையலறையில் நின்றுகொண்டு வாசித்தேன். சிரித்தேன். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இல்லை. நீங்கள் நினைப்பது மாதிரி இல்லை. அது உங்கள் மூளைக்குள் செல்லிலிருந்து செல்லுக்குப் போகிறது. ஆளிடமிருந்து ஆளுக்கு அல்ல. பார்க்கின்சன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது என்பதற்கு இதுவரை எந்தச் சான்றும் இல்லை.

உடனே டிக்கெட் எடுங்கள். அந்தத் தனி டம்ளரை வெளியே எறியுங்கள்.

வாலு

&nbsp;

ஏப்ரல் 27

அன்பு வாலுவுக்கு,

இதுவரை எந்தச் சான்றும் இல்லை.

இந்த வாக்கியம் எனக்கு நன்றாகத் தெரியும். 'பரிசோதித்த அளவில் குறை எதுவும் தென்படவில்லை.' இதைக் கீழே எழுதித்தான் ஒவ்வொரு அறிக்கையையும் முடிப்பேன். ஏன் அப்படி எழுதுகிறோம் தெரியுமா? நாளைக்குப் பெட்டி கீழே விழுந்தால், விழாது என்று நான் எங்கே சொன்னேன் என்று கேட்கத்தான். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் மாட்டிக்கொள்வதும் இல்லை.

நீ படித்தவள், சரியாகத்தான் எழுதுவாய். குறை சொல்லவில்லை. ஆனால் அறிக்கையை மூடி வைத்துவிட்டு, கட்டடத்துக்காரர் ஒன்று கேட்பார். "அதெல்லாம் இருக்கட்டும் சார். உங்க பிள்ளைய இதுல ஏத்துவீங்களா?" அப்போது நாங்கள் சொல்வதுதான் பதில். தலையைச் சொறிந்தால் அவருக்குப் புரிந்துவிடும்.

நானும் கேட்கிறேன். உன் மகளை ஏற்றுவாயா? உன் அப்பா வருத்தப்படுவாரே என்று சொல்லாதே. யோசித்து எழுது. நேரம் எடுத்துக்கொள்.

அப்பா

&nbsp;

மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

யோசித்தேன். நேரம் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் 'ஒருபோதும் இல்லை' என்பது கெட்ட வார்த்தை. முதல் வருடமே அதைப் பறித்துவிடுவார்கள். 'இதுவரை', 'தெரிந்தவரை', 'இருக்கலாம்'. இந்த மூன்றும் இல்லாமல் எனக்கு ஒரு பக்கம் எழுத வராது. உங்களுக்கு எழுதும்போதும் அதே கையுறையைப் போட்டுக்கொண்டே எழுதியிருக்கிறேன்.

பேராசிரியரைப் பார்க்கப் போனேன், பட்டாணியைத் தூக்கிக்கொண்டு. உங்கள் கடிதங்களை வாசித்துக் காட்டினேன். நடுவில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தொத்தாதுன்னு ஒரே வார்த்தையில எழுதலாமா மேடம்?" என்றேன்.

"கட்டுரையில எழுதின, கிழிச்சுப் போட்டுடுவேன்" என்றார். "அப்பாவுக்கு எழுதாம இருந்த, வேலையை விட்டே தூக்கிடுவேன்."

சரி. அறிக்கைக்குப் பதில், ஒவ்வொன்றாக.

கையுறை. பாதி, தட்டை எங்களிடமிருந்து காப்பாற்ற. என் விரலில் இருப்பது பட்டால் செல் கெட்டுவிடும். மீதி, நாங்கள் கையாள்வது உங்களுக்குள் இருப்பது மாதிரி அல்ல என்பதற்காக. நாங்கள் வேண்டுமென்றே வடித்து, உடைத்து, கூர்மையாக்கி, ஊசியில் ஏற்றும் பொருள் அது. அந்த ஊசி என் விரலில் குத்தக்கூடாது. கிரைண்டரில் அரைத்த மிளகாய்க்குக் கையுறை போடுகிறவர்கள் மிளகாய்ச் செடிக்குப் பக்கத்தில் உட்காரப் பயப்படுவதில்லை.

கர்ப்பம். அந்த அறையில் செல்களைப் பதப்படுத்த ஃபார்மலின் இருக்கிறது. அதன் ஆவிக்காகத்தான் என்னை வெளியே அனுப்பினார்கள். நான் அதை எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

எச்சில், தோல். அடையாளம் இருக்கிறது, அது சோதனைக் குழாயில் தெரிகிற அளவு. பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தாவுகிற விஷயம் அல்ல. இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களையே பல வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்த வழியாகக்கூட அது போனதாகத் தெரியவில்லை. டம்ளர் எந்த மூலைக்கு?

அம்மா. மன்னியுங்கள், சொல்லிவிட்டேன். சொல்லாமல் டாக்டரிடம் எப்படிக் கூட்டிப்போவது? கேட்டதும் குழந்தையை என் மடியில் போட்டாள். பிறகு ஆரம்பித்தாள்.

"முப்பத்தாறு வருஷமா அந்த மனுஷன் வச்ச மிச்சக் காப்பியைத்தான் குடிக்கிறேன். அவர் பல் பட்ட பழத்தைத் தின்னுருக்கேன். எனக்கு எது ஒட்டிக்கிச்சு? பிடிவாதம் ஒண்ணுதான். அதையும் நான்தான் அவருக்குக் குடுத்தேன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க. தனி டம்ளராம்! ஊருக்கு வந்து அந்த டம்ளரை என்ன பண்றேன்னு பாரு."

அப்பா, பால் கருகிய அன்றே அது உங்களுக்குள் இருந்தது. அன்றிலிருந்து அம்மா உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறாள். இன்று காலை உங்கள் பேத்தியை ஒரு கையில் வைத்துக்கொண்டு என் குளிர்சாதனப் பெட்டியை இன்னொரு கையால் நகர்த்தினாள். அவளுக்கு வாசனை தெரியாமல் போனதாகவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் வெங்காயம் நறுக்கினால் இங்கே குறை சொல்கிறாள்.

பயம் எங்கே பரவியது தெரியுமா? என் கடிதத்திலிருந்து உங்களுக்கு. உங்களிடமிருந்து மூன்றாம் மாடிப் பிள்ளைகளுக்கு. ஒன்று தப்பாக மடிந்தது, தொட்டதையெல்லாம் மடித்தது. அதை நான் நிறுத்த வேண்டும். அது என் வேலை.

உங்கள் கேள்விக்குப் பதில்.

ஏற்றுவேன்.

உங்கள் மடியில், உங்கள் தோளில், உங்கள் தட்டிலிருந்து ஊட்டி. தொற்றாது. கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, சின்னது. நான் இல்லாத நாட்களில் கூட வேலை செய்பவர் கதவை அடைத்த தட்டுகளைப் படம் எடுத்து வைத்திருந்தார். விதை விட்ட செல்லுக்குப் பக்கத்துச் செல்கள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கின்றன. ஒரு தடவைதான் இப்படி வந்திருக்கிறது. மறுபடி செய்து பார்க்க வேண்டும். தட்டில் வருவது எலியில் வர வேண்டும், எலியில் வருவது மனிதரில் வர வேண்டும், வருடக்கணக்காகும், வராமலும் போகலாம். பாருங்கள், மறுபடி கையுறை போட்டுக்கொண்டேன். ஆனால் இந்த இடத்தில் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். படம் உண்மை. சுத்தமான செல் சுத்தமாகவே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வாருங்கள்.

வாலு

&nbsp;

ஜூலை 2
உன் வீட்டுக் கூடம்

வாலுவுக்கு,

ஒரே வீட்டுக்குள்ளிருந்து கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அம்மணியின் உத்தரவு இங்கேயும் செல்லும். இன்றைய பக்கம் இது.

வந்து ஒரு வாரமாகப் போகிறது. இத்தனை நாளும் நான் தூக்கவில்லை என்பதை நீ கவனித்தாய். ஒன்றும் சொல்லவில்லை. நன்றி. தொற்றும் என்ற பயம் இல்லை, உன் கையெழுத்தை நம்பித்தான் ரயில் ஏறினேன். வந்து பார்த்தால் வேறு பயம். இவ்வளவு சின்னதாக இருப்பாள் என்று படத்தில் தெரியவில்லை. ஆடுகிற கை. கீழே விட்டுவிட்டால்? இதற்கு நீயும் உன் பேராசிரியரும் கையெழுத்துப் போட முடியாது. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "பக்கத்துல போங்களேன், கடிக்க அதுக்குப் பல்லு கூட இல்ல" என்றாள் உன் அம்மா.

நேற்று உன் ஆய்வுக்கூடத்தில் அந்த இருட்டறையில் நுண்ணோக்கிக் குழலுக்குள் பார்த்ததை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பச்சைப் புள்ளிகள். அவ்வளவுதானா அது? ஏதோ பெரிய மிருகம் என்று நினைத்திருந்தேன். அதன் பக்கத்தில் கறுப்பாக, ஒன்றுமே இல்லாமல் ஓர் இடம் இருந்தது. "இதான்ப்பா, இங்கதான் அது போகல" என்று நீ காட்டினாய். ஒன்றுமில்லாத இடத்தை அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி காட்டி நான் பார்த்ததில்லை. அது எனக்கு வந்து சேருமோ சேராதோ. நீ அதைத் தேடிக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்கு இப்போதைக்குப் போதுமானதாக இருக்கிறது.

இன்று காலை நீ வேலைக்குப் போன பிறகு, "குப்பையைப் போட்டுட்டு வந்துடறேன்" என்று கீழே போனாள் உன் அம்மா. கீழ்வீட்டு அம்மாளிடம் பேச்சு பிடித்துக்கொண்டது. சிரிப்பு இங்கே வரை கேட்டது. பட்டாணி விழித்துக்கொண்டாள். முதலில் முனகல். பிறகு அழுகை. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். என் குரல்தான் உனக்குத் தெரியுமே, திரைச்சீலையைத் தாண்டவில்லை. முகம் சிவந்து, மூச்சை இழுத்துப் பிடித்து அழுகிறாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

தூக்கிவிட்டேன்.

சோபாவில் உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து, இடது கையில் தலையைத் தாங்கி. உன்னை அப்படித்தான் தூக்குவேன், கைக்கு அது மறக்கவில்லை. அழுகை நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், கையும் நின்றிருந்தது. இடது கை. ஆடவே இல்லை.

பயந்துபோய் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இதற்கு ஒரு விளக்கம் வைத்திருப்பாய்: சும்மா கிடக்கும் கைதான் ஆடும், வேலை கொடுத்தால் கொஞ்சம் அடங்கும் என்று. குணமில்லை என்றும் சொல்வாய். தெரியும். இவளைக் கீழே வைத்ததும் மறுபடி ஆடும். எனக்குத் தெரிந்தது கயிறு ஒன்றுதான். பாரம் இல்லாத கயிறு அலையும். பெட்டியை மாட்டினால் நேராக நிற்கும்.

உன் அம்மா திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு சமையலறைக்குப் போய், காப்பி போட்டு, பாதி குடித்துவிட்டு மீதியை என் பக்கத்தில் வைத்தாள். அவள் குடித்த அதே டம்ளர்.

பயிற்சித் தாள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் வலது கையால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து சின்னதாக இருந்தால் பொறுத்துக்கொள், பெரிதாக எழுதினால் தோள் அசைகிறது. அவள் தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

மத்தியானமே வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அவசரமில்லை. வேலை இருந்தால் முடித்துவிட்டு மெதுவாக வா.

அப்பா